மூட்டையின் மேல் நாலு சொட்டு

அத்தியாயம் ஒன்பது

குண்டலுபேட்டை பஸ்ஸில் வந்த சாக்கு மூட்டையை செலுவநாராயணன் தானே தூக்கிவந்து கூடத்துத் தூணோரம் சாய்த்து வைத்ததோடு போன வாரம் விட்டோம். மூட்டைக்குள் வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் அவரையும் தேங்காயும் இருந்தன. எல்லாம் மறுநாள் திதிக்கு. ரங்கம்மாவின் அண்ணா தன் தோட்டத்திலிருந்து அனுப்பியது.

திதி யாருக்கு என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். செலுவநாராயணனின் முதல் மனைவி யதுகிரிக்கு. அவள் விஷக் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் நிறைகிறது. அவள் படுத்த அன்றே மேலுகோட்டையிலிருந்து வந்து, அன்று முதல் இந்த வீட்டைத் தோளில் தாங்கி வருகிறவள் செலுவநாராயணனின் அக்கா ஜயம்மா. ஐப்பசியில்தான் ரங்கம்மா இரண்டாந்தாரமாக வந்தாள். யதுகிரியின் மகள் ஸரஸாவுக்குப் பதிமூன்று வயது. வந்தவளை அவள் இன்னும் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் புட்டா. கன்னடத்தில் சின்னவன் என்று அர்த்தம். ஒரு ஆடி மழையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையிலிருந்து யதுகிரி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்த பழுப்பு நிற நாய்க்குட்டி. இப்போது ஐந்து வயது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம் அது. மைசூர் இன்னும் தன் பழைய நிதானத்தில்தான் இருந்தது. லக்ஷ்மீபுரத்து மார்கழிக் காலையில் எதிர் வீடு தெரியாதபடி பனி இறங்கியிருக்கும். குதிரையின் சலங்கைச் சத்தம் முதலில் வரும், பிறகுதான் ஜட்கா வரும். யாரோ வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை தெரு முழுவதும் போகும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் ஜயம்மாவின் குரல் கேட்டது.

"செலுவா! ஏ செலுவா! எழுந்து வாடா இங்கே!"

செலுவநாராயணன் வேஷ்டியைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்தார். குளித்து ஈரப் புடவையோடு வந்த ரங்கம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூட்டையின் பக்கவாட்டில் உள்ளங்கையளவுக்கு ஒரு ஈரம். அதிலிருந்து ஒரு கோடு இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. கூடத்து மூலையில் புட்டா காதைப் பின்னால் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"திதி சாமான் மேலடா! யதுகிரி திதி சாமான் மேல!"

ஜயம்மாவின் கையிலிருந்த தீர்த்தக் குடம் தளும்பியது.

"கொல்லைக் கதவு எப்படித் திறந்தது? நாய் உள்ளே வரக் கூடாதுன்னு ஒரு வாரமாத் தொண்டை வத்தக் கத்தறேன். ராத்திரி தாழ் போட்டது நீதானே ரங்கம்மா?"

ரங்கம்மாதான் போட்டாள். துருப்பிடித்த தாழ் கட்டை விரலை நசுக்கியது, இன்னும் வலித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரேழித் தூணுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பாவாடையின் ஓரம் தெரிந்தது. அது அசையவில்லை.

"நான்தான் சரியாப் போடலை போலிருக்கு அக்கா."

பாவாடை ஓரம் அப்போதும் அசையவில்லை.

ஜயம்மா குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு மாதமாகக் கொல்லைக் கிணற்றடியில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இன்று கூடத்தில் நின்று முழுசாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இது நாய் பண்றதில்லை. உன் டிரங்குப் பெட்டி மேல பண்ணித்து. உன் ஜமக்காளம் மேல பண்ணித்து. நீ கொண்டு வந்த பிரம்பு நாற்காலி மேல பண்ணித்து. என் படுக்கை மேல பண்ணித்தா? குழந்தை புஸ்தகம் மேல பண்ணித்தா? யதுகிரி இருந்த வரைக்கும் அது ஈரக் கோலத்தைக்கூடத் தாண்டினதில்லை. அவளுக்கு மனசு ஒப்பலைம்மா. இன்னிக்கு அவ திதியிலேயே சொல்லிட்டா."

"அக்கா, ஸாக்கு!" என்றார் செலுவநாராயணன்.

போதும் என்றாரே தவிர, இல்லை என்று அவர் சொல்லவில்லை. ரங்கம்மா அதைக் கவனித்தாள்.

அவர் மேஜை மேலிருந்த செய்தித்தாளைச் சுருட்டிப் புட்டாவின் முதுகில் நாலு போட்டார். அதன் மூக்கை மூட்டையண்டை இழுத்துவந்து காட்டி மறுபடி போட்டார். புட்டா கத்தவில்லை. தரையோடு தரையாக ஒடுங்கிக்கொண்டது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு அந்தப்பக்கம் கொய்யா மரத்தில் கட்டினார். திதி நடக்கிற இடத்தை நாய் பார்க்கவே கூடாது.

திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "சென்னப்பன்கிட்ட சொல்லிடறேன். சாயங்காலம் வந்து அழைச்சிண்டு போயிடட்டும்."

சென்னப்பன் அவரை தினமும் சந்தன எண்ணெய் ஃபாக்டரிக்குக் கொண்டுவிடுகிற ஜட்காக்காரர். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழர். அவருடைய மச்சான் மூங்கில் லாரி ஓட்டுகிறவர். காட்டுக்குள் பாலாறு செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தாராம். மச்சானின் லாரி அன்று பொழுது சாய்ந்ததும் கிளம்புகிறது.

ரேழியில் பாவாடை ஓரத்தைக் காணவில்லை.

*

திதித் தளிகையை ரங்கம்மாவேதான் செய்ய வேண்டும் என்பது ஜயம்மாவின் ஏற்பாடு. "நீதான் இந்த ஆத்து மனுஷி, நீதான் பண்ணணும்" என்று சொல்லியிருந்தாள். அது மரியாதையா பரீட்சையா என்று ரங்கம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

செலுவநாராயணன் தேவராஜா மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் வேறு வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கி வந்தார். மூட்டை கொல்லைப்பக்கம் போய்விட்டது.

பயத்தம்பருப்பு அடுப்பில் குழைந்துகொண்டிருந்தது. வாழைக்காயைச் சீவி நீரில் போட்டுக்கொண்டே ரங்கம்மா அழுதாள். புகை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று புகையும் இருந்தது.

அவளுக்கு யதுகிரியைத் தெரியாது. கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோ மட்டும்தான். அதில் யதுகிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள், கேமிராவுக்கு அந்தப்பக்கம் யாரோ வேடிக்கை பண்ணினாற்போல. இந்த இரண்டு மாதமாக விளக்கேற்றும்போதெல்லாம் ரங்கம்மா அந்த முகத்தைப் பார்த்து மனசுக்குள் கேட்டிருக்கிறாள். நான் உங்க இடத்தை எடுத்துக்கணும்னு வரலை. எங்கே உட்காரணும்னு நீங்களே சொல்லுங்கோ.

பதிலுக்கு நாய் பெட்டியை நனைத்தது. நிஜமாகவே அதுதான் பதில் என்று அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

உளுந்தை அரைக்க உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. கை கல்லின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மூட்டையை அவள் தொடவே இல்லை.

பஸ்ஸிலிருந்து இறக்கியவர் சென்னப்பன். உள்ளே தூக்கிவந்தவர் அவள் புருஷர். அவள் மடியாகிவிட்டபடியால் கிட்டேகூடப் போகவில்லை. தன் மேல் கோபம் என்றால் தன் கையே படாத மூட்டையை நாய் ஏன் தேடிப் போக வேண்டும்? தினமும் அவள் கட்டிக் கழற்றும் புடவை கொல்லைக் கொடியில் நாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது. அதன் கிட்டே அது போனதில்லை. அவளுடைய செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. மத்தியானம் அவள் பூத்தொடுக்க உட்கார்ந்தால் காலடியில் வந்து சுருண்டுகொள்கிறது.

டிரங்குப் பெட்டி, ஜமக்காளம், பிரம்பு நாற்காலி, இப்போது மூட்டை. நாலும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

அந்த வீட்டு வாசல் அவள் கண் முன்னால் வந்தது. குண்டலுபேட்டையில் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. நெல் குதிருக்குப் பக்கத்தில் அடுக்கிய சாக்குகள். அவற்றின் மேல் கால் பரப்பிக்கொண்டு தூங்கும் அண்ணாவின் நாய் கெம்பன். பிரம்பு நாற்காலிக்கு அடியில் இன்னொரு நாய் கரியன். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பூரா அவளுடைய டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. விடிந்து பார்த்தால் இரண்டும் அதில் சாய்ந்துகொண்டு படுத்திருந்தன. அண்ணா சிரித்துக்கொண்டே துரத்தினார்.

ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று வேலியைத் தாண்டி வந்து போனது. அதற்கப்புறம் ஒரு வாரம் கெம்பன் வேலிக்கால் ஒவ்வொன்றாகப் போய்க் காலைத் தூக்கியதையும், அப்பா அதைப் பார்த்து, "அந்தப் பயலுக்கு பதில் சொல்லிண்டு வரான்" என்று சிரித்ததையும் நினைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவமே!" என்று வாய்விட்டுச் சொன்னாள் ரங்கம்மா.

"என்னடி?" என்று ஜயம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை அக்கா. அரைக்கிறேன்."

இப்போது சொல்ல முடியாது. வாத்தியார் வாசலில் கால் அலம்பிக்கொண்டிருந்தார். திதி முடிகிற வரை நாயின் பேச்சை எடுப்பதே தப்பு.

*

சிராத்தம் நடந்தது. செலுவநாராயணன் பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு எள்ளும் தண்ணீரும் விட்டார். யதுகிரியின் பெயரை வாத்தியார் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். ஒரு தடவை மட்டும் குரல் உடைந்தது. வாத்தியார் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

செலுவநாராயணனுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வாசலில் யதுகிரி கோலம் போடுகிறாள். நடைப்படியில் புட்டா உட்கார்ந்து கோல மாவு டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அவசரமாக ஃபாக்டரிக்குக் கிளம்ப, அவள் நிமிராமலே சொல்கிறாள்: "உங்களைவிட இதுக்குப் பொறுமை ஜாஸ்தி. கத்துக்கோங்கோ." அவ்வளவுதான். சந்தன எண்ணெய் வாசனை அடிக்கும் அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அது வாலை ஆட்டுகிறது. வெயில் மேலே ஏறுகிறது.

இலையில் உட்கார்ந்தவர்கள் வயிறார உண்டார்கள். திருப்திதானா என்று செலுவநாராயணன் முறைப்படி கேட்டார். திருப்தி என்று பதில் வந்தது. வாத்தியார் கிளம்பும்போது, "யார் தளிகை? கைமணம் நன்னா இருக்கு" என்றார்.

"என் தம்பி ஆத்துக்காரி" என்றாள் ஜயம்மா. சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு ரங்கம்மா இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கவளம்தான் வாயில் போட்டிருப்பாள். வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. சென்னப்பன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

ரங்கம்மா கையலம்பிக்கொண்டு எழுந்தாள்.

*

கொல்லையில் கொய்யா மரத்தடியில் ஸரஸா உட்கார்ந்திருந்தாள். மடியில் புட்டாவின் தலை. கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தாள். திதி நாளில் நாயைத் தொடக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி அவள் முகம் இல்லை.

செலுவநாராயணன் தயங்கித் தயங்கிக் கிட்டே போனார். "ஸரஸு, கயிறைக் குடும்மா."

"மாட்டேன்."

"அங்கே சௌக்கியமா இருக்கும்மா. காடு, ஆறு, ஓடி விளையாட..."

அவள் சென்னப்பனைப் பார்த்தாள். "நிஜமா சௌக்கியமா இருக்குமா?"

சென்னப்பனுக்குப் பொய் வராது. தலைத்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "இருக்கற வரைக்கும் சௌக்கியந்தானுங்க பாப்பா. அந்தக் கடையில முன்ன ரெண்டு நாயி இருந்துச்சு. ரெண்டையும் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சுங்க. அதுக்குத்தான் இன்னொண்ணு கேக்கறானுங்க."

செலுவநாராயணன் முகம் வெளுத்தது. அவருக்கு இது தெரியாது. கொல்லைப் படியில் நின்ற ஜயம்மாவும் ஒரு படி இறங்கி வந்தாள்.

"ஏன்னா, ஒரு நிமிஷம் இருங்கோ" என்றாள் ரங்கம்மா. அவள் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. "அழைச்சிண்டு போறதானா அப்புறம் போகட்டும். ஒண்ணே ஒண்ணு பாத்துடுங்கோ."

கொடியிலிருந்து முந்தின நாள் அவள் கட்டியிருந்த நூல் புடவையை உருவிக்கொண்டு வந்து மண்ணில் விரித்தாள். "ஸரஸா, அவனை விடு. பயப்படாதே, விடு."

ஸரஸா ஒவ்வொரு சுற்றாகக் கயிற்றை அவிழ்த்தாள். புட்டா எழுந்தது. புடவையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முகர்ந்தது. அதன் மேலேயே இரண்டு வட்டம் சுற்றி, பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

ரங்கம்மா கொட்டகைச் சுவரோரம் கிடந்த சாக்கு மூட்டையைப் பாதி தூரம் இழுத்து வந்தாள். புட்டா தலையைத் தூக்கியது. முதுகு மயிர் சிலிர்த்தது. எழுந்து வந்து, காலையில் நனைத்த பக்கத்தை விட்டுவிட்டு மறு பக்கத்தை மெல்ல மெல்ல முகர்ந்தது. அடிப்பக்கம் ஒரே இடத்தில் வெகு நேரம் மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் காலைத் தூக்கிற்று.

"பாத்தியாடா!" என்றாள் ஜயம்மா.

"நன்னாப் பாருங்கோ அக்கா. மூட்டையை நான் தொட்டதே இப்பத்தான். நான் கட்டின புடவை மேல படுத்துண்டான். எங்க அண்ணா ஆத்து சாக்கு மேல காலைத் தூக்கறான். அந்த சாக்கு மேல எங்க கெம்பன் படுத்துப் படுத்து எழுந்திருப்பான். பெட்டியிலயும் நாற்காலியிலயும் அப்படித்தான். நமக்கு அது வெறும் சாக்கு. இவனுக்கு அது கூடத்துக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற இன்னொரு நாய். அதுகிட்ட, இது என் வீடு, நான் இருக்கேன்னு சொல்றான். அவ்வளவுதான். அவசரத்துக்குப் போறதா இருந்தா இப்படியா நாலு சொட்டு விடும்? கொல்லைக்குப் போயிட்டு வந்த கையோட வந்து பண்றானே, அதை யோசிச்சேளா?"

செலுவநாராயணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாசனை என்பது அவருடைய தொழில். அவ்வளவு சுலபமாக அவர் விட்டுவிடவில்லை.

"அப்படின்னா பெட்டி வந்து ரெண்டு மாசமாச்சே. கெம்பன் வாசனை இன்னுமா இருக்கும்? ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே பண்றது?"

"இப்ப இருக்கிறது புட்டாவோட வாசனையேதான். அது மங்க மங்கப் புதுப்பிச்சுக்கறான்."

"பினாயில் போட்டு எத்தனை தடவை துடைச்சாச்சு!" என்றாள் ஜயம்மா. "என் கை வெந்து போச்சு."

"பினாயில் நம்ம மூக்கைத்தான் ஏமாத்தும் அக்கா. அவன் மூக்குக்கு, அடியில இருக்கிறது அப்படியே தெரியும்."

செலுவநாராயணன் மெதுவாகத் தலையாட்டினார். "ஹௌது. எண்ணெய் பாட்டிலை வெறும் தண்ணியில எத்தனை அலம்பினாலும் மறுநாள் மூடியைத் திறந்தா சந்தனம் கும்முனு வரும். சோடாக் கரைசல்ல ஊறப் போட்டு வெயில்ல கவுத்தால்தான் போகும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். காலையில் சுருட்டிய செய்தித்தாள் இன்னும் கொட்டகைச் சுவரின் மேல் கிடந்தது. "நான் அதை அடிச்சேனே."

"அடிச்சா, உங்க எதிர்ல பண்ணக் கூடாதுன்னுதான் கத்துக்கும். வீடே நிலைகொள்ளாம இருக்குன்னு ஏற்கெனவே பயந்திருக்கான். இருந்தவா போயிட்டா, புதுசா ஒருத்தி வந்துட்டா, கதவைச் சாத்தறா, கத்தறா. பயம் ஜாஸ்தியானா இன்னும் நாலு இடத்துல சொல்லிக்கத்தான் பாப்பான்."

கொய்யா மரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"கதவை நான்தான் திறந்தேன்."

ஸரஸா எழுந்து நின்றாள். பச்சைப் பாவாடையில் நாய் ரோமம் ஒட்டியிருந்தது.

"காலம்பர நான்தான் தாழைத் திறந்து அவனை உள்ளே விட்டேன். அத்தை சொன்னா, அம்மாதான் புட்டா மூலமாப் பேசறான்னு. இன்னிக்கு அம்மா வருவாளே, என்ன சொல்றான்னு பாக்கணும்னு..." அவள் ரங்கம்மாவைப் பார்த்தாள். "நீங்க ஏன் நான்தான்னு சொன்னேள்?"

ரங்கம்மா அவள் அருகில் போனாள்.

"எனக்கும் அதையேதான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது ஸரஸா. உங்கம்மா என்ன சொல்றான்னு."

அந்தப் பெண் அழுதாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூடத்தில் ஊரே கூடியிருந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. செலுவநாராயணன் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார். புட்டா இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது.

சென்னப்பன் தொண்டையைக் கனைத்தார். "அப்ப நான் கெளம்பட்டுங்களா சாமி? வண்டி சும்மா நிக்குதுங்க."

"காப்பி சாப்பிட்டுப் போங்கோ" என்றாள் ரங்கம்மா.

*

மிச்ச வெயிலை வீணாக்கவில்லை. பெட்டியைக் காலி செய்து கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். செலுவநாராயணன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோடாக் கரைசல் கலக்கினார். ரங்கம்மா தேங்காய் நாரால் பெட்டியின் மூலை மூலையாகத் தேய்த்தாள். ஜமக்காளத்தை முதலில் சீயக்காயில் அலசி, பிறகு சோடாவில் முக்கி வேலி மேல் போட்டார்கள். கூடத்துத் தூணின் அடியையும், நாற்காலிக் கால்களையும், கதவு நிலையையும் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து அலம்பினார்கள். சாக்கை சென்னப்பனே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், குதிரைக்குக் கொள்ளு போட்டு வைக்க.

"இதோட நின்னுடுமா?" என்று கேட்டாள் ஸரஸா. கேள்வி நேராக ரங்கம்மாவிடம் வந்தது.

"இதோட நிக்காது. பழக்கம் ஆயிடுத்தே. கொஞ்ச நாள் அவனைத் தனியாக் கூடத்துல விடக் கூடாது. நீ படிக்கறச்சே உன்கூட, நான் பூத் தொடுக்கறச்சே என்கூட. காலம்பரவும் சாயங்காலமும் தெருவுக்கு அழைச்சிண்டு போகணும். கம்பம் கம்பமா நின்னு முகர்ந்து பாக்கட்டும், இழுக்காதே. சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கேயே சொல்லிட்டு வரட்டும். உள்ளே காலைத் தூக்கறாப்பல இருந்தா பேர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே ஓட்டிண்டு போ. கத்தாதே, அடிக்காதே. வெளியே பண்ணினா நல்ல பையன்னு சொல்லு."

"பெட்டி?"

"காய்ஞ்சதும் பழைய இடத்துக்கே போகும். அதுக்குப் பக்கத்துலயே அவன் சாதத்தட்டை வைப்போம். சாப்பிடற இடத்துல பண்ண எந்த நாய்க்கும் மனசு வராது."

"அம்மாவும் அவனோட பேசிண்டே இருப்பா" என்றாள் ஸரஸா, ஜமக்காளத்தின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு. "பால்காரி வரலை, அரிசி தீர்ந்து போச்சு, எல்லாத்தையும் அவன்கிட்டதான் சொல்லுவா."

"என்ன பாஷையில?"

"கன்னடத்துல. தமிழ்ல பேசினா அவனுக்குப் புரியாதுன்னுவா."

ரங்கம்மா சிரித்துவிட்டாள். கூடத்துப் போட்டோவில் அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பின் காரணம் லேசாகப் புரிவதுபோல இருந்தது. இன்னும் சொல்லு என்றாள். ஸரஸா சொன்னாள். தசராவுக்குப் போனது, புட்டா கிடைத்த அன்று ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது, புதுப் புடவையின் முந்தானையில் சேறு பட்டதற்கு அப்பா கோபித்துக்கொண்டது. செலுவநாராயணன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டார். அந்த வீட்டில் யதுகிரியின் பெயரைச் சொல்லி யாராவது சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பிரம்பு நாற்காலி காய்ந்து உள்ளே வந்தது. புட்டா ஸரஸாவின் கையில் கயிற்றோடு கூடத்துக்குள் நுழைந்தது. நாற்காலியண்டை போய் நின்றது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முகர்ந்தது. காலுக்குக் கால் போய் முகர்ந்தது. பின்னங்கால் லேசாக அசைந்தது.

"புட்டா, பாரோ இல்லி!" என்று அம்மாவின் கன்னடத்தில் தன்னிடம் வரச் சொன்னாள் ஸரஸா.

காதைத் திருப்பிற்று. வந்துவிட்டது.

ரங்கம்மா அடுப்பில் பாலை வைத்துக் காப்பி கலந்தாள். மத்தியானத்திலிருந்து ஜயம்மா அக்கா ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்ததை ஸரஸா சொன்ன பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது உள்ளே போனாள் என்றும் யாரும் பார்க்கவில்லை.

டம்ளரை எடுத்துக்கொண்டு ரங்கம்மா ஜயம்மாவின் அறைக்குப் போனாள்.

விளக்கு ஏற்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஜயம்மா தரையில் மண்டியிட்டுத் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு புடவைகள் மடித்துப் பக்கத்தில் இருந்தன. வீட்டுச் சாவிக்கொத்து, இத்தனை நாள் அவள் இடுப்பை விட்டு இறங்காதது, ஜன்னல் மேடையில் கிடந்தது.

"அக்கா, காப்பி."

ஜயம்மா திரும்பவில்லை. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒரு தடவை போட்டதை அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"அங்கே வைம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மேலுகோட்டைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு செலுவனைக் கேட்டுச் சொல்லு. நான் கேட்டதாச் சொல்லாதே."

கூடத்தில் ஸரஸா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். செலுவநாராயணனும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

ரங்கம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஜயம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.